மூன்று மணிக்கு முழித்திருக்கும் அக்காவுக்கு

எஸ்போ, பின்லாந்து
ஜனவரி 18, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

பொங்கல் கழிந்த மறுநாள் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டுவிட்டேன். அம்மா எழுந்துவிடக் கூடாதென்று அடிக்குரலில் பேசியிருந்தாய். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு தட்டுகிறது, நெஞ்சுக்குள் கிரைண்டர் ஓடுகிற மாதிரி இருக்கிறது, பெரியவனின் பிளஸ் டூ, அம்மாவின் சுகர், பள்ளிக்கூட ஆப்பில் ஏற்ற வேண்டிய விவரங்கள், வீட்டு லோன் என்று ஒன்று போனால் ஒன்று வந்து நிற்கிறது என்றாய். கடைசியில், “நீ இப்பல்லாம் நிம்மதியா பேசுத. உனக்கு அங்க எல்லாம் வசதிதானே” என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் குக்கர் விசில் அடிக்கும், யாராவது கூப்பிடுவார்கள், விட்ட இடம் மறந்துபோகும்.

இப்போது நிம்மதியாகப் பேசுகிறேன் என்பது நிஜம். போன வருஷம் இதே ஜனவரியில் அப்படி இல்லை. உங்கள் யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன்.

இங்கே ஜனவரியில் காலை ஒன்பது மணிக்குத்தான் விடியும். நாலு மணிக்குள் இருட்டிவிடும். இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் வீடு திரும்புவோம். நம்மூருக்கும் இங்கேக்கும் குளிர்காலத்தில் மூன்றரை மணி நேர வித்தியாசம் என்பதால், நான் எழும்போதே போனில் நம் வீட்டுக் குரூப்பின் முப்பது நாற்பது மெசேஜ் காத்திருக்கும். அம்மாவுக்கு மாத்திரை மாற்றியது, சித்தப்பா வீட்டுச் சண்டை, எல்லாம் அதில். பல் தேய்ப்பதற்கு முன்பே மனசு திருநெல்வேலிக்கும் ஆபீசுக்குமாக ஓடத் தொடங்கிவிடும்.

அப்படி ஒரு சாயங்காலம் ஹெல்சிங்கியில் வேலை முடிந்து மெட்ரோ ஏறினேன். நான் இறங்க வேண்டியது மாத்தின்கூலா. மறுநாள் கொடுக்க வேண்டிய வேலையைத் தலைக்குள்ளேயே செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தத் தடம் பூமிக்கடியில் ஓடுவது, ஜன்னலில் பார்க்க ஒன்றும் இருக்காது. எல்லோரும் எழுந்து இறங்குகிறார்களே என்று நிமிர்ந்து பார்த்தால் கிவென்லஹ்தி. கடைசி ஸ்டேஷன். என் ஸ்டேஷனைத் தாண்டி ஐந்து ஸ்டேஷன் வந்திருக்கிறேன். பாப்பாவின் டேகேர் ஐந்து மணிக்கு மூடிவிடும். மணி ஐந்தாகப் பத்து நிமிஷம்.

ஓடிப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தே கால் தாண்டியிருந்தது. செருப்பு கழற்றும் இடத்தில் ஒரு சின்ன பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பனி உடுப்பு கழுத்துவரை மூடியிருந்தது. கம்பளித் தொப்பி, கையுறை, எல்லாம் மாட்டியாயிற்று. உள்ளே ஹீட்டர் சூட்டில் அந்த உடுப்போடு உட்கார்ந்திருந்ததில் கன்னம் இரண்டும் சிவந்து, நெற்றி முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. இருட்டில் வண்டிக்காரர்களுக்குத் தெரிவதற்காகக் கோட்டில் தொங்கவிடும் பளபளப்பு வில்லையை விரலால் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஆசிரியை தன் கோட்டையும் மாட்டிக்கொண்டு நின்றார். கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. பாப்பா என்னைப் பார்த்ததும், “அம்மா, ஜிப் நானே போட்டேன்” என்றாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை அக்கா. கிரைண்டர் என்றாயே, எனக்கும் அதே சத்தம்தான்.

இங்கே வேலை கொடுப்பவர் வேலையாட்களின் உடல்நலத்தைக் கவனிக்க ஏற்பாடு செய்தாக வேண்டும், சட்டமே உண்டு. அந்த ஏற்பாட்டில் ஒரு நர்ஸைப் போய்ப் பார்த்தேன். மனசைப் பற்றி உடனே பேசவில்லை. முதலில் பிரஷர் பார்த்தார், ரத்தம் எடுத்து ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொன்னார். ரத்தம் குறைந்தாலும் தைராய்டு கூடினாலும் நெஞ்சு இப்படிப் படபடக்குமாம். அது சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மற்றது. நீயும் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். அம்மாவைச் சுகர் டெஸ்டுக்குக் கூட்டிப் போகிறாயே, அதே நாளில் உன் கையையும் நீட்டு. ‘எனக்கு என்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்று தள்ளிப் போடாதே.

டெஸ்ட் எல்லாம் சரியாக வந்தது. அப்புறம் அவர் சொன்ன ஒரு வார்த்தையைப் பின்னிஷ் மொழியிலேயே எழுதி வைத்திருக்கிறேன்: ஹுவோலிஹெட்கி. ஹுவோலி என்றால் கவலை, ஹெட்கி என்றால் கொஞ்ச நேரம். தினமும் ஒரே வேளையில் பதினைந்து நிமிஷம் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்கி வைப்பது. எனக்கு முதலில் சங்கடமாகத்தான் இருந்தது. கவலையைக் குறைக்கப் போனால் கவலைப்படச் சொல்கிறார்களே என்று.

பாப்பா கார்ட்டூன் பார்க்கும் ஆறரை மணிக்கு நோட்டைத் திறந்து உட்கார்ந்தேன். மனசில் சுற்றுவதை எல்லாம் வரிசை பார்க்காமல் எழுத வேண்டும். முதல் நாள் 23 வந்தது. அதற்குள் அப்பாவின் திதியும் இருந்தது, பல் டாக்டரும் இருந்தது, மாடி வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பதும் இருந்தது. எழுதி முடித்தபின் ஒவ்வொன்றின் பக்கத்திலும், நான் செய்யக்கூடியது உண்டானால் அடுத்த ஒரே ஒரு காரியத்தை மட்டும் எழுத வேண்டும். ‘அம்மாவின் மாத்திரை’ என்பதற்குப் பக்கத்தில் ‘சனிக்கிழமை அக்காவிடம் சீட்டைப் போட்டோ கேட்க’ என்று எழுதினேன். செய்ய ஒன்றுமே இல்லாததற்குப் பக்கத்தில் ஒரு கோடு. பதினைந்து நிமிஷம் ஆனதும் நோட்டை மூடிவிட வேண்டும். மற்ற வேளையில் அதே கவலை வந்தால் விரட்டக் கூடாது, ‘உனக்கு ஆறரைக்கு இடம் இருக்கு, அப்ப வா’ என்று சொல்ல வேண்டும். நீ வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்வாய் அல்லவா, கை தூக்கு, கூப்பிடும்போது பேசு என்று. அதே போலத்தான்.

மனசு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருவது மறந்துவிடுவோமோ என்ற பயத்தில். காகிதத்தில் ஏறிவிட்டால் அந்தப் பயம் தணிகிறது. 2018-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். 57 இளவயதுக்காரர்கள். பாதிப் பேர் படுக்கப் போகும் முன் ஐந்து நிமிஷம், வரும் நாட்களில் செய்ய வேண்டிய வேலைகளை எழுதினார்கள். மீதிப் பேர் செய்து முடித்ததை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிஷம் முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். ஒன்பது நிமிஷம் சின்னதாகத் தெரியும். மூன்று மணிக்குக் கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பவளுக்குத்தான் ஒன்பது நிமிஷத்தின் நீளம் தெரியும்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை ஹெல்சிங்கி நடுவே காம்ப்பி என்ற இடத்துக்குப் போனேன். பெரிய கடை வளாகத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் பக்கத்திலேயே மரத்தாலான உருண்டைக் கட்டடம் ஒன்று, பெரிய மரக் குடுவை மாதிரி. 2012-இல் கட்டினார்கள், மௌனக் கோயில் என்று பெயர். பூசை, கல்யாணம் எதுவும் கிடையாது. சும்மா உட்கார்ந்திருக்க மட்டும். ஜன்னல் இல்லை, கூரை ஓரத்தில் இருந்து மட்டும் வெளிச்சம் இறங்குகிறது. வெளியே இருந்த அத்தனை சத்தமும் கதவு மூடியதும் நின்றுபோனது. ஆனால் அக்கா, என்னால் அங்கே ஐந்து நிமிஷம்கூட உட்கார முடியவில்லை. வெளிச் சத்தம் நின்றதும் உள்ளே இருந்தது எல்லாம் உரக்கப் பேசத் தொடங்கிவிட்டது. எழுந்து வந்துவிட்டேன். கண்ணை மூடி உட்கார், மனசை ஒருநிலைப்படுத்து என்று உனக்கும் எல்லோரும் சொல்வார்கள். முடியவில்லை என்றால் அது உன் குறை என்று எண்ணிவிடாதே. கொதிக்கிற மனசைத் தனியே விட்டால் அது இன்னும் கொதிக்கும். உடம்புக்கு முதலில் ஒரு வேலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

அதை எனக்குக் காட்டியது எங்கள் கட்டடத்துச் சௌனா, சுடுகல்மேல் தண்ணீர் ஊற்றி அந்த ஆவியில் உட்காரும் மர அறை. இந்த நாட்டில் ஜனம் சுமார் 56 லட்சம்; சௌனா 30 லட்சம் இருக்கும் என்பார்கள். முன்காலத்தில் பிரசவம் பார்த்ததும், இறந்தவர்களைக் குளிப்பாட்டியதும்கூட அதற்குள்தானாம். 2020-இல் யுனெஸ்கோவின் கலாசார மரபுப் பட்டியலிலும் சேர்ந்தது. எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் ஒன்று உண்டு, புதன்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் பெண்களுக்குப் பொது. இரண்டு வருஷம் நான் எட்டிப் பார்க்கவில்லை. உடுப்பில்லாமல் உட்காருவார்கள் என்ற கூச்சம். எழுபது வயதுக்கு மேற்பட்ட மேல்வீட்டு அம்மா ஒருவர் லிஃப்டில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “புதன்கிழமை வா” என்றார். துண்டைக் கட்டிக்கொண்டு போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மரப் படிகள். மேல்படியில் சூடு அதிகம், நான் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். மூலையில் கற்கள் அடுக்கிய அடுப்பு. அந்த அம்மா மர வாளியில் இருந்து ஒரு அகப்பைத் தண்ணீர் மொண்டு கல்மேல் ஊற்றினார். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று தண்ணீர் தெளித்துப் பார்ப்போமே, அதே ‘சொய்ங்’. ஆனால் நீளமாக, அடிவயிற்றில் இருந்து வருவது போல. ஆவி கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு விநாடி கழித்து முதலில் காதுமடல் சுட்டது, அப்புறம் தோள், அப்புறம் முதுகு. வேகமாக மூச்சு இழுத்தால் மூக்கு எரிகிறது. அதனால் வேறு வழியில்லாமல் மூச்சு தானாகவே மெதுவானது. யாரும் பேசவில்லை. எனக்குத்தான் ஏதாவது பேச வேண்டுமே என்று தவிப்பு. அந்த அம்மா, “இங்கே பேச வேண்டியதில்லை” என்று மட்டும் சொல்லி இன்னொரு அகப்பை ஊற்றினார். பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் படியேறி வரும்போதுதான் உறைத்தது: கொஞ்ச நேரமாக ஆபீஸ் என் நினைவுக்கே வரவில்லை.

அந்த ஆவிக்கு இவர்கள் மொழியில் லோய்லூ என்று பெயர். ஆதியில் அந்தச் சொல்லுக்கு உயிர், மூச்சு என்று அர்த்தமாம். நம் தமிழிலும் ஆவி என்றால் இட்லிப் பானையில் வருவதும் அதுதான், உயிரும் அதுதான் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லச் சொன்னார். “ஆவி, ஆவி” என்று அவர் சொல்லிப் பார்த்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

உனக்குச் சௌனா வேண்டாம், ஆனால் மூச்சு உன்னிடமும் இருக்கிறது. மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பார். மூச்சை இழுக்கும்போது நாடி சற்று வேகமாகும், விடும்போது மெதுவாகும். ஆகையால் இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு. ஐந்து நிமிஷம் போதும். மூன்று மணிக்கு முழித்தால் கடிகாரத்தைப் பார்க்காதே. இருபது நிமிஷம் போலத் தோன்றியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து போய் மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திரு, கண் சொக்கியதும் படு. சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடிக்கிறாயே டிகாஷன் காபி, தூக்கத்தைக் கெடுக்கும் அதன் கஃபீனில் பாதி ராத்திரி பத்து மணிக்கும் உடம்பில்தான் இருக்கும். அதை மத்தியானத்தோடு நிறுத்து. இதெல்லாம் செய்தும் தாங்க முடியாத நாள் ஒன்று வந்தால் 14416-க்குப் போன் போடு. அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசு கிடையாது, ராப்பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அத்தான் போனிலும் அந்த நம்பரைப் பதிந்து வை.

இன்னொன்று. கோபித்துக்கொள்ளாமல் கேள். போன ஆகஸ்டில் வந்தபோது வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருந்தாய். எனக்கு மனசுக்கு என்னவோ செய்தது, அப்போது சொல்லவில்லை. 15 புள்ளி 8 ஊடுபுள்ளியை ஆச்சி உனக்குத்தான் சொல்லிக் கொடுத்தாள். எனக்கு வரவில்லை என்று விட்டுவிட்டாள். குனிந்து நீ மாவை விடும்போது நான் படியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அது ஒரே சீராக இறங்கும், வளைவு வரும்போது உன் மூச்சு நீளும், அவசரப்பட்டால் கோடு அறுந்துவிடும். அந்தப் பத்து நிமிஷம் யார் கூப்பிட்டாலும் உனக்குக் காது கேட்காது. அம்மா எத்தனை தடவை திட்டியிருக்கிறாள்! நான் புதன்கிழமைதோறும் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய்த் தேடுவது உன் வாசலில் இருந்தது அக்கா. அந்த ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிடு. போனை உள்ளே வைத்துவிட்டு வா. ஐந்து புள்ளிக் கோலமானாலும் பரவாயில்லை.

எனக்கும் எல்லாம் சரியாகிவிடவில்லை. நவம்பரில் மறுபடி நாலைந்து நாள் தூக்கம் போனது. அப்போது நோட்டில் ஆறரை மணிப் பக்கங்கள் காலியாகத்தான் இருந்தன, எழுதவே உட்காரவில்லை. திரும்ப உட்கார்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

பாப்பா உனக்கென்று ஒரு பளபளப்பு வில்லை வாங்கி வைத்திருக்கிறாள், ஆந்தை வடிவத்தில். பெரியம்மா இருட்டில் ஸ்கூட்டியில் வருவாளாம், அதனால். அடுத்த மாதம் ஊருக்கு வரும் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன், கூடவே கோடு போடாத நோட்டு ஒன்றும். அது வரும்வரை காத்திருக்காதே, பெரியவனின் பழைய ரஃப் நோட்டில் மிச்சப் பக்கம் இருக்கும். அம்மாவின் சுகர் ரிசல்ட்டையும் உன் ரிசல்ட்டையும் சேர்த்தே அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது என்னென்ன எழுதினாய் என்று கேட்க மாட்டேன். முதல் நாள் எத்தனை வந்தது என்று மட்டும் சொல்.

அன்புடன்,
உன் தங்கை