இரண்டாம் பார்வைக்குத் தாங்கும் ஸ்டார் வார்ஸ் படங்கள் எவை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்டார் வார்ஸ் என்ற விண்வெளிப் பட வரிசை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே தீர்ப்புதான் காதில் விழுகிறது. பழைய மூன்று படங்களை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம், புதியவற்றுக்கு ஒருமுறை போதும் என்கிறார்கள். 2015 முதல் 2019 வரை ஆண்டுக்கு ஒன்றாக வந்த ஐந்து படங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிப் போடும் தீர்ப்பு இது. அந்த ஐந்தில் இரண்டு, மறுபடி பார்க்கும்போதுதான் முழுதாகத் திறக்கின்றன. ஒன்று பாதி தாங்கும். மற்ற இரண்டும் தாங்குவதில்லை. எது ஏன் என்பதைக் காட்சிகளைக் கொண்டே காட்ட முடியும்.

முதலில் பழைய படங்கள் ஏன் தாங்குகின்றன என்று பார்க்க வேண்டும். 1977-இல் வந்த முதல் படத்தில், தன் தந்தை எப்படி இறந்தார் என்று இளம் நாயகன் லூக் கேட்கிறான். முதியவர் ஓபி-வான் உடனே பதில் சொல்வதில்லை. பார்வையை விலக்கி, சற்றுத் தயங்கி, பிறகுதான் பேசுகிறார். அன்று அது ஒரு கிழவரின் சோகம். 1980-இல் 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' வந்து, வில்லன் டார்த் வேடரே லூக்கின் தந்தை என்று சொன்ன பிறகு, அதே தயக்கம் ஒரு பொய்யைத் தேர்ந்தெடுக்கும் நேரமாக மாறிவிட்டது. முதல் படம் எடுக்கப்பட்டபோது இந்த உறவு கதையில் முடிவாகவே இல்லை. ஓபி-வானாக நடித்த அலெக் கின்னஸ் விட்டுச்சென்ற ஒரு வெற்றிடத்தைப் பின்னால் வந்த படம் நிரப்பியது. இதே வழியில் கெடுதலும் நேர்ந்தது. 1980 படத்தில் நாயகி லேயா லூக்குக்கு முத்தம் கொடுக்கிறாள். 1983 படம் இருவரையும் உடன்பிறந்தவர்கள் ஆக்கியதும் அந்தக் காட்சியைப் பார்க்கவே கூச்சமாகிவிட்டது. ஆக, ஒரு படத்தை மறுமுறை பார்க்கும் சுவை அந்தப் படத்தோடு நின்றுவிடுவதில்லை. பின்னால் வரும் படம் அதைக் கூட்டும், குறைக்கவும் செய்யும்.

இந்த வரிசை நன்றாக இருக்கும் இடங்களில் விடையைக் கண்ணெதிரே வைத்துவிட்டு, அதைப் பார்க்கும் கண்ணை மட்டும் பிறகு தருகிறது. 1980 படத்தின் குகையில் லூக் வேடரின் தலையை வெட்டுகிறான், முகமூடி வெடிக்கிறது, உள்ளே தெரிவது அவன் முகம். முதல்முறை அது புதிர், இரண்டாம் முறை விடை. இசையிலும் இப்படித்தான். 1999 படத்தில், பின்னாளில் வேடராகப் போகும் சிறுவன் அனகினுக்கு ஜான் வில்லியம்ஸ் அமைத்த மெட்டு கள்ளமில்லாத குழந்தைப் பாட்டுபோல நகரும். அதன் முடிவைக் கூர்ந்து கேட்டால், 1980-இல் வேடருக்காக அவரே போட்ட அணிவகுப்பு இசையின் சுரங்கள் மெலிதாக எட்டிப் பார்க்கும்.

இந்த அளவுகோலில் புதியவற்றுள் முதலிடம் 2017-இல் ரையன் ஜான்சன் இயக்கிய 'தி லாஸ்ட் ஜெடாய்' படத்துக்கு. இறுதியில் லூக் எதிரிப் படையின் முன் தனியாக வந்து நிற்கிறார். உண்மையில் அவர் அங்கே இல்லை, எங்கோ ஒரு தீவிலிருந்து தன் உருவத்தை மட்டும் அனுப்பியிருக்கிறார் என்பது கடைசியில்தான் தெரிகிறது. ஆனால் படம் இதை ஒளிக்கவே இல்லை. அந்தக் கோளின் தரை வெள்ளை உப்பு, அடியில் சிவப்பு மண். யார் கால் வைத்தாலும் சிவப்புத் தடம் விழும். எதிரிப் படையின் தலைவன் கைலோ ரென்னின் கால் இழுபடும்போது சிவப்பு கிளம்புவதைக் கேமரா அருகில் போய்க் காட்டுகிறது. லூக்கின் கால் நகரும்போது தரை வெள்ளையாகவே கிடக்கிறது. அவர் தாடியும் முடியும், சற்று முன் தீவில் பார்த்ததைவிடக் கறுத்து, கத்தரித்த மாதிரி இருக்கின்றன. கையில் நீல ஒளிவாள். அந்த வாள் சிறிது நேரத்துக்கு முன்தான் இளம் நாயகி ரேயும் கைலோவும் இழுத்ததில் இரண்டாக உடைந்தது! சண்டை முழுவதும் இரண்டு வாள்களும் ஒருமுறைகூட மோதுவதில்லை. இத்தனையும் முதல்முறை கண்ணில் படாமல் போவதற்குக் காரணம், நாமும் கைலோவைப் போலவே லூக்கின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

அதே படத்தில், ஒளிவாள் வீரர்களான ஜெடாய்களின் பழைய நூல்கள் இருக்கும் மரம் எரிகிறது. அந்த நூலகத்தில் இருந்ததில் ரேயிடம் ஏற்கெனவே இல்லாதது எதுவுமில்லை என்று லூக்கின் மறைந்த குரு யோடா ஆவியாக வந்து சொல்கிறார். முதல்முறை கேட்கும்போது, ஞானம் ஏட்டில் இல்லை, அவளுக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். படம் முடியும் தறுவாயில், விண்கலத்தில் ரேயின் தோழன் ஃபின் ஒரு போர்வைக்காக இழுப்பறையைத் திறக்கிறான், உள்ளே அந்தப் புத்தகங்கள். ரே அவற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். யோடா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை! ஒரே வசனம் இரண்டு பொருளையும் தாங்குகிறது, இரண்டும் சரி. இதைவிட நல்ல இரண்டாம் பார்வைப் பரிசு இந்த வரிசையில் வேறில்லை என்பது என் துணிபு.

குறையையும் சொல்ல வேண்டும். தளபதி ஹோல்டோ தன் தப்பிக்கும் திட்டத்தை விமானி போ டாமரனிடம் மறைக்கிறார். முதல்முறை நாம் போவின் பக்கம் நிற்கிறோம். இரண்டாம் முறை, எதிரியிடம் விலைபோகப் போகும் ஆள் காதில் விழும் தூரத்தில் போ அந்தத் திட்டத்தைச் சொல்லிவிடுவது தெரிகிறது, கோபம் அவன் மேல் திரும்புகிறது. இது நல்ல கட்டமைப்பு. ஆனால் கலகம் வெடிக்கும் நிலையிலும் ஹோல்டோ ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதற்குப் படம் போதிய காரணம் தரவில்லை. மறுமுறை பார்க்கும்போது இந்த ஓட்டை சிறுக்காது, பெருக்கும். சூதாட்ட நகரப் பகுதியும் அப்படியே, முடிவு தெரிந்த பிறகு நீளமாகத் தெரிகிறது.

கேரத் எட்வர்ட்ஸ் இயக்கிய 'ரோக் ஒன்' (2016) வேறு வகை. தன்னை மட்டுமல்லாமல் 1977 படத்தையும் மறுபடி பார்க்க வைக்கிறது. ஒரு கோளையே அழிக்கும் கோட்டை, 2 மீட்டர் அகலமுள்ள ஒரு துவாரத்தால் அழிகிறது என்பது முதல் படத்தின் பெரிய பலவீனமாக 39 ஆண்டுகள் கிண்டல் செய்யப்பட்டது. 'ரோக் ஒன்' அதை, கோட்டையை வடிவமைத்த ஒரு தந்தை வேண்டுமென்றே உள்ளே வைத்த பழுதாக மாற்றியது. இனி லூக் அந்தத் துவாரத்தைக் குறிவைக்கும்போது அதற்குப் பின்னால் இறந்தவர்களின் வரிசை ஒன்று நிற்கிறது. இறுதிப் போரில் 1977-இல் படமாக்கிப் பயன்படுத்தாமல் வைத்திருந்த விமானிகளின் காட்சித் துணுக்குகளையே சேர்த்திருக்கிறார்கள். 'ரெட் ஃபைவ்' என்ற அழைப்புப் பெயருள்ள விமானி அங்கே சாகிறான். முதல் படத்தில் அந்தப் பெயர் லூக்குக்கு வருகிறது.

உள்ளேயும் விதைத்து அறுக்கிறது. அந்தத் தந்தை தன் மகளான நாயகி ஜின்னைக் கொஞ்சி அழைக்கும் பெயரே கடைசியில் அவள் தேடும் கோட்டை வரைபடக் கோப்பின் பெயர். அவளுக்குத் துப்பாக்கி உண்டு, எனக்கில்லையா என்று தொடக்கத்தில் முறையிடும் கே-2எஸ்ஓ இயந்திரனிடம், இறுதியில் அவளே துப்பாக்கியை நீட்டுகிறாள். வேடர் நடைக்கூடத்தில் புகுந்து வெட்டும் காட்சியை முதல்முறை எல்லோரும் வேடரைத்தான் பார்ப்பார்கள். மறுமுறை அந்த வரைபடம் பதிந்த தகட்டை மட்டும் தொடருங்கள்: பாதி திறந்து சிக்கிக்கொண்ட கதவின் இடுக்கில், சாகப்போகிறவன் கை அதை அப்பால் இருப்பவனிடம் சேர்க்கிறது. 'ஆண்டோர்' தொடர் (2022, 2025) 'ரோக் ஒன்' தொடங்கும் இடத்தில் சரியாக வந்து முடிவதால், இரண்டிலும் வரும் நாயகன் காசியன் ஆண்டோரின் முதல் காட்சியின் கனம் இப்போது இன்னும் கூடியிருக்கிறது.

தேய்வதும் உண்டு. 1977 படத்தில் கோட்டையின் தலைவராக நடித்து 1994-இலேயே மறைந்த பீட்டர் குஷிங்கின் முகத்தைக் கணினியில் உருவாக்கி கை ஹென்றி என்ற நடிகர்மேல் பொருத்தியிருக்கிறார்கள். முதலில் கண்ணாடியில் பிரதிபலிப்பாக மட்டும் காட்டியது புத்திசாலித்தனம். அவர் திரும்பிப் பேசத் தொடங்கியதும் மறுமுறை பார்ப்பவரின் கண் உதட்டசைவுக்குப் போய்விடுகிறது, வசனம் காதில் ஏறுவதில்லை.

'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' (2015) பாதி தாங்கும் என்றதற்குக் காரணம், பாலைவனம், ரகசியம் சுமக்கும் இயந்திரன், கோளை அழிக்கும் ஆயுதம் என்று 1977-இன் எலும்புக்கூடு இரண்டாம் முறை துருத்திக்கொண்டு தெரிவதுதான். ஆனால் தனிக் காட்சிகளில் உழைப்பு இருக்கிறது. ஹான் சோலோ என்ற பழைய நாயகனின் தோழன் சூபாக்காவின் வில்துப்பாக்கி ஆட்களைத் தூக்கி எறிவதைப் படம் முன்கூட்டியே காட்டிவிடுகிறது. அதே ஆயுதத்தின் அடியை வாங்கிய கைலோ பனியில் ரத்தம் சொட்டச் சொட்ட, காயத்தைக் குத்திக்கொண்டு சண்டை போடுகிறான். பயிற்சியில்லாத ரே அவனை எப்படி வென்றாள் என்று கேட்பவர்களுக்கு விடை அங்கே இருக்கிறது. ஹான் சோலோ பாலத்தில் தன் மகன் கைலோவிடம் பேசும்போது மேலிருந்து விழும் சூரிய ஒளியையும் கவனியுங்கள். ஆயுதம் சூரியனை உறிஞ்சி முடிக்கும் நொடியில் கைலோவின் முகத்தில் இருந்த வெளிச்சம் அணைந்து சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது. முடிவை முகத்துக்கு முன்பே ஒளி சொல்லிவிடுகிறது.

தெரிந்த முகத்தையும் பொருளையும் காட்டிக் கைதட்டு வாங்குவதை மறுபார்வைக்கான பரிசு என்று சிலர் எண்ணுகிறார்கள். 1977 மதுக்கூடத்தில் வம்பிழுத்த இருவர் 'ரோக் ஒன்'னில் தெருவில் மோதிவிட்டுப் போகிறார்கள். அடையாளம் கண்டதும் அந்தக் காட்சி தீர்ந்துபோகிறது. 'சோலோ' (2018) ஏறத்தாழ முழுவதும் இப்படிச் செய்யப்பட்டது. உறவென்று யாருமில்லாத ஹானுக்கு ஆள்சேர்ப்பு அதிகாரி 'சோலோ' என்ற குடும்பப் பெயரை எழுதித் தருவது, யாரும் கேட்காத கேள்விக்குப் பதில். ஹானின் தங்கநிறப் பகடைகளை இரண்டு படங்களில் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 'சோலோ'வில் அவை ஒரு நினைவுப்பொருள். 'லாஸ்ட் ஜெடா'யில் லூக் அவற்றை லேயாவின் கையில் வைக்கிறார், பிறகு கைலோவின் கையில் அவை கரைந்து மறைகின்றன. அவையும் மாயையின் பகுதியே என்று இரண்டாம் முறை உறைக்கிறது.

'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' (2019) தோற்பது, எந்த இழப்பையும் நிலைக்க விடாததால். சூபாக்கா இறந்ததாகக் காட்டிச் சில நிமிடங்களில் அவர் உயிரோடிருப்பதைச் சொல்லிவிடுகிறார்கள். சி-3பிஓ என்ற இயந்திரனின் நினைவு அழிகிறது, பிறகு மீட்கப்படுகிறது. விலை கொடுக்கவில்லை என்று தெரிந்தபின் அந்தப் பிரிவுக் காட்சியில் கண்ணீர் வராது. கத்தியின் விளிம்பை இடிந்த கோட்டையோடு பொருத்தி இடம் கண்டுபிடிப்பதும், ரே மிகச் சரியாக அந்தப் புள்ளியில் வந்து நின்றதால் மட்டுமே நடக்கிறது. 1983 படத்தில் இறந்த வில்லன் பேரரசரின் மறுவருகை அறிவிப்பின் ஒலி ஒரு வீடியோ விளையாட்டில்தான் வெளியானது; படத்தை எத்தனை முறை பார்த்தாலும் அது உள்ளே வராது. லேயாவாக நடித்த கேரி ஃபிஷர் 2016 டிசம்பரில் மறைந்ததால், 2015 படத்துக்காக எடுத்து மீந்த காட்சிகளைச் சுற்றி லேயாவின் பகுதியை எழுத வேண்டியிருந்தது. அவர் பொதுவாகச் சொல்லும் பதிலுக்கு ஏற்ப மற்றவர்கள் கேள்வியைக் கட்டுவது மறுமுறை தெரிகிறது. அதைக் குற்றமாகச் சொல்ல மனம் வரவில்லை. இந்தப் படத்திலும் ஒரு விதை பழுத்திருக்கிறது. தொடக்கத்தில் ரே முன்னோர்களை 'என்னோடு இருங்கள்' என்று அழைக்கிறாள், பதிலில்லை. முடிவில் அதே அழைப்புக்குக் குரல்கள் வருகின்றன.

மறுபடி பார்க்க எண்ணுபவர்கள் சிலவற்றைச் சரிசெய்துகொள்வது நல்லது. வினாடிக்கு 24 சட்டங்களாக (ஃப்ரேம்) எடுத்த படத்துக்கு இடைச் சட்டங்களை இட்டு நிரப்பும் அசைவு மென்மையாக்கும் வசதியைத் தொலைக்காட்சியில் அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் கணினி முகங்கள் இன்னும் செயற்கையாகும். ஒலியில் இரவு நேர அமைப்பும் கூடாது. அது சிறிய ஓசையை உயர்த்தி, பெரிய ஓசையைத் தாழ்த்திவிடும். 'லாஸ்ட் ஜெடா'யில் ஹோல்டோ தன் கப்பலை எதிரிக் கப்பல்மேல் பாய்ச்சும்போது ஒலி அடியோடு நிற்கிறது. ஒலிக்கருவி பழுது என்று பார்வையாளர்கள் நினைத்துவிடக் கூடாதே என்று சில திரையரங்குகள் அறிவிப்பே வைத்தன. முன்னிருந்த இரைச்சலைத் தணித்துவிட்டால் அந்த அமைதிக்கு வலுவில்லை. வசனம் நினைவிருந்தால் துணைத்தலைப்பையும் எடுத்துவிடுங்கள். லூக்கின் கால்கள் இருப்பது திரையின் அடிப்பகுதியில், எழுத்து ஓடும் அதே இடத்தில். 'சோலோ' வேண்டுமென்றே இருட்டாக எடுக்கப்பட்ட படம், அறை விளக்கை அணைக்காமல் பார்த்தால் பாதி தெரியாது. 'ரோக் ஒன்' முடிந்த அன்றே 1977 படத்தையும் போட்டுவிடுங்கள், இரண்டுக்கும் இடையே கதையில் பெரிய இடைவெளி இல்லை.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய தொடர் படங்களுக்கு வெளியான வாரத்தில் விமர்சனம் வருவது தவிர்க்க முடியாதது. ஆறு மாதம் கழித்து அதே விமர்சகர் படத்தை மறுபடி பார்த்து, முதல் தீர்ப்பில் எதை மாற்றுகிறார் என்று கால் பத்தியாவது எழுதச் செய்யுங்கள். 'லாஸ்ட் ஜெடாய்' போன்ற படத்துக்கு முதல் வாரத் தீர்ப்பு மட்டுமே அச்சில் நிற்பது நியாயமில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்