தாய்லாந்தின் சியாங் மாயில் ஊழியம் செய்யும் மகளுக்கு

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. தேவ கிருபையால் அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். உன் நீண்ட மின்னஞ்சலை மாலை ஜெபம் முடிந்ததும் அப்பா உரக்க வாசித்தார்கள். நீ கேட்டிருக்கும் காரியங்களுக்குத் தொலைபேசியில் பதில் சொன்னால் பாதி சொல்லாமலே போய்விடும் என்பதால் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வெறுங்காலோடு வரிசையாக வரும் பிக்குகளுக்குச் சோறிடக் கடைக்காரப் பெண்கள் விடியற்காலையிலேயே காத்திருப்பதும், காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தேசிய கீதம் ஒலிக்கும்போது வழியில் போகிறவர்கள் அப்படியே நின்றுவிடுவதும், வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையுமாக மாணவிகள் பல்கலைக்கழகத்துக்குப் போவதும், சாயங்காலம் அவர்களே உங்கள் மாணவர் இல்லத்துக்கு ஆங்கிலம் பேசிப் பழக வருவதும் உன் எழுத்தின் வழியாக எங்களுக்குப் பழகிப்போய்விட்டன. அவர்கள் ஒருவரையொருவர் அக்கா, தங்கை முறையில் வைத்துப் பேசுகிறார்கள் என்றும், உன்னையும் அக்கா ஆக்கிவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது பாதிக் கவலை தீர்ந்தது. வாசலில் செருப்பைக் கழற்றவும், பெரியவர்களுக்கு நேரே காலை நீட்டாதிருக்கவும் உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கண்ட பிள்ளையையெல்லாம் தலையைத் தடவிக் கொஞ்சுகிற நம் பழக்கம் அங்கே ஆகாது என்பதை மறக்காதே.

அம்மாவாகச் சொல்ல வேண்டிய இரண்டொரு காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்தில் தங்குமிடம் தெரிவிப்பதை ஒருநாளும் தவறவிடாதே. அரச குடும்பத்தைப் பற்றி, மாணவர்களே பேச்செடுத்தாலும், நீ வாய் திறக்காதே. அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 112-ஆம் பிரிவு ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. 2020-இல் மாணவர்கள் தெருவில் இறங்கி அதைப் பற்றிப் பேசியதற்கு அவர்களுக்கு அவர்கள் நாடு என்ற உரிமை இருக்கிறது, நீ விருந்தாளி. பிப்ரவரி, மார்ச்சில் வயல்களும் காடுகளும் எரிந்து சியாங் மாய் முழுவதும் புகை சூழும்போது முகக்கவசம் இல்லாமல் வெளியே போகாதே. உனக்குச் சிறுவயதில் இருந்த இளைப்பு உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். ஆங்கில வகுப்புக்கு வந்துகொண்டிருந்த மாணவி இப்போது ஞாயிறு ஆராதனைக்கும் வருகிறாள் என்றும், அதை அறிந்து ‘நான்’ என்ற பெயருள்ள மாகாணத்தின் கிராமத்திலிருந்து அவள் தாய் தொலைபேசியில் அழுதாள் என்றும், அந்தப் பெண் உன்னிடம் வந்து என்ன செய்வது என்று கேட்கிறாள் என்றும் எழுதியிருந்தாய். உன்னுடன் இருப்பவர்களில் சிலர் இதை விசுவாசத்துக்கு வந்த சோதனை என்றும், அவள் உறுதியாக நிற்க நீ துணைசெய்ய வேண்டும் என்றும் சொல்கிறார்களாம். மகளே, நான் முதலில் அந்தத் தாயின் பக்கம் நின்றுதான் இதைப் பார்க்கிறேன். பெற்றவளுக்குப் பெற்றவளின் அழுகை கேட்கும்.

அவள் எதற்காக அழுகிறாள் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் வடபகுதியில் குல முன்னோரின் ஆவிகளைப் பேணும் முறை தாய்வழியாக வருகிறது. தாயிடமிருந்து மகளுக்கே அது இறங்குகிறது. மகன் சில காலமாவது சீவர ஆடை உடுத்திப் பிக்குவாக இருந்தால் அந்தப் புண்ணியம் பெற்றவளுக்குச் சேர்ந்து, பாலூட்டி வளர்த்த கடன் தீர்ந்தது என்பது அவர்கள் நம்பிக்கை. மகளுக்கு அந்த வழி இல்லை. அவள் உழைத்து, பணம் அனுப்பி, முதுமையில் உடனிருந்து, தாய் இறந்தபின் அவள் பேரால் புண்ணியம் செய்துதான் அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும். அப்படிப்பட்ட மகள் வேறு மார்க்கத்துக்குப் போய்விட்டால், நான் செத்தபின் எனக்கென்று புண்ணியம் செய்ய யார் இருக்கிறார்கள் என்றுதான் அந்தத் தாய் கேட்பாள். வெளிநாட்டார் மதத்தின் மேலுள்ள கோபம் என்று அதை நினைத்துவிடாதே. மரணத்துக்குப் பின்னும் தான் கைவிடப்படுவோம் என்கிற பயம் அது.

இது அந்த ஊரில் புதிய காரியமும் அல்ல. அமெரிக்க மிஷனரி டேனியல் மெக்கில்வரி 1867-இல் குடும்பத்தோடு சியாங் மாய்க்குப் போனார். அங்கே முதலில் விசுவாசித்த ‘நான் இந்தா’ என்பவர் மடத்தில் கற்றுத் தேர்ந்தவர். 1868 ஆகஸ்டு 18 அன்று நிகழ்ந்த சூரிய கிரகணத்தை மெக்கில்வரி முன்கூட்டியே சொல்லியிருந்ததும், அது அப்படியே நடந்ததும் அவரைச் சிந்திக்க வைத்தன. மறு ஆண்டில் ‘நொய் சுன்யா’, ‘நான் சாய்’ என்ற இரண்டு விசுவாசிகளைச் சியாங் மாய் அரசர் கொல்லச் செய்தார். இரத்தசாட்சிகளின் கதையை எல்லாரும் சொல்வார்கள். அதற்குப் பின் நடந்ததைத்தான் நீ கவனிக்க வேண்டும். 1878-இல் மதச் சகிப்புக்கான அரசாணை பிறந்ததற்குக் காரணம் ஒரு கல்யாணம். கிறிஸ்தவர்களான மணமக்களின் திருமணத்துக்கு, குல ஆவிகளுக்குரிய கட்டணத்தைக் கொடுத்தால்தான் சம்மதிப்பேன் என்று பெண்வீட்டுக் குடும்பத் தலைவர் நிறுத்திவைத்தார். வழக்கு, சயாம் என்று அன்று அழைக்கப்பட்ட தாய்லாந்தின் அரசு வரை போனது. அந்தக் காலத்திலேயே அங்கே சுவிசேஷத்தின் கடினமான இடம் அரண்மனை மட்டுமல்ல, வீட்டு முற்றமும்தான். இப்போது எந்த அரசரும் அந்தப் பெண்ணைத் தடுக்கவில்லை. தாய் மட்டும் அழுகிறாள். ஆணையால் தீருகிற அழுகை அல்ல அது.

அதனால் நீ அந்தப் பெண்ணுக்கும் அவள் தாய்க்கும் நடுவில் நிற்காதே. ஞானஸ்நானத்துக்கு அவசரப்படுத்துகிறவர்களோடு சேராதே. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணச் சொன்ன கட்டளை புறஜாதிப் பெற்றோருக்குப் பொருந்தாது என்று எங்கும் எழுதப்படவில்லை. விடுமுறைக்கு அவள் ஊருக்குப் போகட்டும். சமைக்கட்டும், வயலில் உதவட்டும், தன் மனதிலிருப்பதைத் தன் வாயால் தாயிடம் சொல்லட்டும். ஏப்ரல் 13 முதல் 15 வரை அவர்கள் புத்தாண்டான சொங்க்ரான் வரும்போது பிள்ளைகள் பெரியவர்களின் கைகளில் நறுமண நீர் வார்த்து மன்னிப்பும் ஆசியும் கேட்பார்கள் என்று எழுதியிருந்தாயே, அதை அவள் முழுமனதோடு செய்யட்டும். அதில் எந்த விக்கிரகமும் இல்லை. நம் வீட்டிலும் அப்படியொரு வழக்கம் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்றுகூட நினைத்தேன். வீட்டில் ஒரு சாவு விழுந்தால், பிக்குகள் ஓதுகிற இரவுகளில் அவள் வெளியே நிற்க வேண்டும் என்று யாராவது கற்றுக்கொடுத்தால், அது தவறு என்று நீ தெளிவாகச் சொல். அவள் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கலாம், சமையலுக்கு நிற்கலாம், தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். கும்பிடாமல் இருப்பது வேறு, துக்கத்தில் பங்கெடுக்காமல் இருப்பது வேறு. கிறிஸ்தவளான பிறகு இவள் முன்பைவிட நல்ல மகளாகிவிட்டாள் என்று அந்தத் தாய் தானே காணும்வரை எவ்வளவு காலமானாலும் ஆகட்டும்.

நவம்பர் பௌர்ணமியில் வரும் லோய் கிரத்தோங் திருவிழாவுக்கு மாணவிகள் உன்னை அழைத்திருப்பதற்கும் இதே மனதோடுதான் பதில் சொல்கிறேன். வாழைத்தண்டை வட்டமாக நறுக்கி, இலையை மடித்துக் குத்தி, பூவும் மெழுகுவர்த்தியும் ஊதுபத்தியும் வைத்து அவர்கள் கிரத்தோங் செய்யும்போது நீயும் கூட உட்கார்ந்து மடி. பிங் நதிக்கு அவர்களோடு போ. அவர்கள் கங்கைத் தாயை நினைத்து, நீரை மாசுபடுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டு அதை மிதக்கவிடுகிறார்கள். அந்த வேண்டுதலில் நீ சேரமுடியாது என்பதை ஆற்றங்கரைக்குப் போனபிறகு சொல்லாமல், முதல்நாளே, சிரித்த முகத்தோடு சொல்லிவிடு. முகத்துக்கு நேரே மறுப்பதற்கு அவர்கள் கூச்சப்படுவார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். கூட்டத்தின் நடுவில் நீ மறுத்தால் அழைத்தவள்தான் தலைகுனிவாள்.

ஆங்கில வகுப்பைப் பற்றி உனக்குள் ஒரு நெருடல் இருப்பது உன் எழுத்தில் தெரிந்தது. விமான நிறுவன வேலைக்காக டோய்க் என்னும் ஆங்கிலத் தேர்வு எழுதப்போகிற பிள்ளை ஆங்கிலம் தேடி வருகிறாள். நாம் அவளுக்கு வேறொன்றைக் கொடுக்கக் காத்திருக்கிறோம் என்பது நேர்மையா என்று கேட்டிருந்தாய். நெருடுவது நல்லதே. நீ யார், உன்னை அனுப்பியது யார் என்பதை முதல் வகுப்பிலேயே அறிவித்துவிடு. பிறகு ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே, நல்ல ஆசிரியை தயார்செய்வதைப்போலத் தயார்செய்து கற்றுக்கொடு. பாடம் முடிந்ததும் வேதாகம வகுப்புக்கு இருக்க விரும்பாதவள் கூச்சமில்லாமல் எழுந்து போகக்கூடிய வழி இருக்க வேண்டும். எழுந்து போனவளுக்கு மறுநாள் அதே அன்பு கிடைக்க வேண்டும். விசுவாசத்துக்கு ஒருநாளும் வரப்போவதில்லை என்று தெரிந்த பிறகும் அவளோடு உட்கார்ந்து சாப்பிட உனக்கு மனமிருந்தால்தான் அது நட்பு. தூண்டிலில் வைத்த புழுவாக அன்பை ஆக்கிவிடக் கூடாது.

இதைச் சொல்ல நம்மைவிடத் தகுதியுள்ளவர்கள் குறைவு. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1903-இல் இதே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றக் காரணமாக நின்றவர், 1910-இல் எடின்பரோ மாநாட்டில் மேல்நாட்டு மிஷனரிகளின் முன்னால் எழுந்து, நீங்கள் எங்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்தீர்கள், ஆனாலும் எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். பள்ளியும் ஆஸ்பத்திரியும் கட்டிக்கொடுத்தவர்கள் தங்களோடு சமமாக உட்காரவில்லை என்கிற வேதனை அது. அன்று கேட்ட இடத்தில் நாம் இருந்தோம். இன்று நீ கொடுக்க வேண்டிய இடத்தில் இருக்கிறாய். நீ இந்தியப் பெண், ஆனால் கிறிஸ்தவள் என்று கேட்டு மாணவர்கள் வியப்பதாக எழுதியிருந்தாய். கிறிஸ்து வெள்ளைக்காரர்களின் தெய்வம் என்றே அவர்கள் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். நீ அங்கே போய் நிற்பதே அதற்கொரு பதில். ஆனால் வெள்ளைக்காரர் செய்த அதே அதிகாரத்தை மாநிறத் தோலோடு நீ செய்தால் அந்தப் பதில் வீணாகிவிடும்.

மாதாந்தர அறிக்கையில் எத்தனை பேர் ஏற்றுக்கொண்டார்கள் என்ற கட்டத்தை நிரப்பச் சொல்கிறார்கள், எதை எழுதுவது என்று தவிக்கிறாயாம். உள்ளதை எழுது. புராட்டஸ்டண்டு மிஷனரிகள் 1828-இல் பாங்காக்கில் இறங்கினார்கள். கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்நாட்டில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் இருக்கிறார்கள். தங்கள் வாழ்நாள் முழுவதையும் அங்கே கொடுத்தவர்கள் கண்ட பலன் இது. உன் பயிற்சிக் காலத்துக்குள் பெரிய எண்ணிக்கை கேட்கிறவர்கள் இந்தச் சரித்திரத்தை அறியாதவர்கள். எண்ணிக்கை இல்லையென்றால் இல்லை என்று எழுது. யாருக்கு எந்தப் பாடம் நடத்தினாய், யாருக்குக் காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்தாய் என்று எழுது. நம் சபையில் பிடியரிசி எடுத்துவைத்து மிஷனுக்குக் கொடுக்கிற பெண்களை எனக்குத் தெரியும். உலையில் போடும் முன் ஒரு பிடியை ஒதுக்குகிறவர்களுக்கு மிகைப்படுத்தின கதை வேண்டாம், உண்மை போதும். அந்த மாணவியின் பெயரையோ படத்தையோ எந்த அறிக்கையிலும் போடாதே, முகநூலிலும் வேண்டாம். அவள் தன் தாயிடம் இன்னும் முழுதாகச் சொல்லி முடிக்காத காரியத்தை, கடல் தாண்டி நாங்கள் வாசித்துக்கொண்டிருப்பது நியாயமல்ல.

அப்பா உனக்கு வாய்க்கு ருசியாக ஒன்றும் கிடைக்கவில்லையே என்று வருந்துகிறார்கள். அந்த ஊர் நூடுல்ஸ் குழம்பான காவ் சோய் பிடித்துப்போய்விட்டது என்று நீ எழுதியதை அவர்கள் நம்பவில்லை. சுக்கும் கருப்பட்டியும் தபாலில் அனுப்ப ஏற்பாடு செய்கிறோம். மாணவிகளுக்கும் சுக்குக் காப்பி போட்டுக்கொடு.

இந்தக் கடிதத்தோடு இன்னொரு சிறு கடிதத்தையும் வைத்திருக்கிறேன். அது அந்தப் பெண்ணின் தாய்க்கு. உங்கள் மகள் என் மகளோடு இருக்கும்வரை அவளை உங்களிடமிருந்து பிரிக்க யாரும் முயலமாட்டார்கள் என்றும், நானும் மகளைத் தூரத்தில் விட்டிருக்கிற தாய்தான் என்றும், உங்கள் ஊருக்கு என் மகளை ஒருமுறை அழைத்துச் சென்று உங்கள் கையால் சோறு போடுங்கள் என்றும் எழுதியிருக்கிறேன். மதத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. உன் மொழி ஆசிரியையிடம் கொடுத்து, மரியாதைச் சொற்கள் பிசகாமல் அவர்கள் மொழியில் எழுதி வாங்கு. முதலில் அந்தப் பெண்ணிடம் வாசித்துக்காட்டு. அவள் சரி என்றால் அனுப்பு, வேண்டாம் என்றால் கிழித்துப்போடு, நான் வருத்தப்படமாட்டேன்.

ஜெபத்துடன்,
அம்மா