ஆறு வருஷமாக ஒரு தோட்டாகூடச் சுடாத துப்பாக்கிக்காரனின் மடல்

எங்கள் மாவட்டத்தில் துப்பாக்கி உரிமம் வழங்கும் அதிகாரிகளுக்கும், வங்கிகளுக்குக் காவலாளி அனுப்பும் ஏஜென்சி முதலாளிகளுக்கும் வணக்கம்.

கிருஷ்ணகிரியில் நான் காவல் நின்ற வங்கிக் கிளைக்குள் போன மாதம் ஒருவர் அரிவாளோடு நுழைந்தது உங்களுக்குத் தெரியும். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவும் கொடுத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறேன். அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லவில்லை. மனுவில் எழுதாமல் விட்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். எழுதினால் வேலை போய்விடும் என்று விட்டது அது. இப்போது வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள், ஆகவே தாராளமாக எழுதலாம்.

ஏலம் போன நகையைக் கேட்டு அந்த ஆள் அரிவாளோடு உள்ளே வந்தபோது என் துப்பாக்கியில் தோட்டா இல்லை. இருக்கக் கூடாது என்பது மேனேஜர் உத்தரவு. வாடிக்கையாளர்கள் பயப்படுவார்களாம். இரட்டைக் குழலும் காலி, இடுப்பு பெல்ட்டில் பத்துத் தோட்டா. பத்தும் நான் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கியவை. ஆறு வருஷ வியர்வை, ஷட்டருக்குக் கீழே நின்று வாங்கிய சாரல் எல்லாம் அந்த பெல்ட்டில் இருக்கிறது. தோட்டாவின் பித்தளை அடிப்பாகம் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது. நான் தினமும் துணியால் துடைப்பேன். துடைத்தால் பளபளக்கும், அவ்வளவுதான்.

தோட்டா போடத் துப்பாக்கியை மடித்தேன். முதல் தோட்டா இறங்கியது. இரண்டாவது பாதியில் நின்றுவிட்டது. உப்பிப்போயிருந்தது. உள்ளேயும் போகவில்லை, வெளியிலும் வரவில்லை. அது நீட்டிக்கொண்டிருந்தால் துப்பாக்கியை மூட முடியாது, மூடாமல் முதல் தோட்டாவையும் சுட முடியாது. கட்டை விரலால் அழுத்தினேன், நகம் பிளந்தது. நான் நகத்தோடு போராடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த ஆள் மூன்றாம் கவுண்டர் வரை போய்விட்டார். கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண் எழுந்து ஓடக்கூட இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கி வைத்திருப்பவன் நான்தானே.

காப்பாற்றியது யார் தெரியுமா? கிளையில் பெருக்கித் துடைக்கிற அக்கா. அந்த ஆளுக்கு ஊர்க்காரி. துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: “ஏம்பா, நக போனா போவுது. நீ உள்ள போயிட்டா மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுவா?” அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். மாங்காய் விலை படுத்த வருஷம் வைத்த நகை, அது வேறு கதை.

மறுநாள் எனக்கு இரண்டு கடிதம். வாடிக்கையாளர் ஒருவரை நோக்கி ஆயுதத்தை எடுத்தது ஏன் என்று வங்கி கேட்டது. ஆயுதம் இருந்தும் ஏன் செயல்படவில்லை என்று ஏஜென்சி கேட்டது. இரண்டுக்கும் மூன்று நாளில் பதில் வேண்டுமாம். இரண்டு கடிதத்தையும் ஒரே உறையில் போட்டு இருவருக்கும் அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். மனைவி தடுத்துவிட்டாள்.

என் கோரிக்கை ஒன்றுதான். துப்பாக்கியோடு நிற்கும் காவலாளி ஒவ்வொருவருக்கும் வருஷத்தில் ஒரு நாள் சுடும் பயிற்சி கொடுங்கள். காவல்துறை சுட்டுப் பழகும் தளத்தில், பயிற்சியாளர் ஒருவர் முன்னிலையில், ஆளுக்குப் பத்துத் தோட்டா. பழைய தோட்டாவைச் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியதோடு வீட்டுக்குப் போகலாம்.

முன்னாள் படைவீரனுக்குப் பயிற்சி எதற்கு என்று ஏஜென்சியில் கேட்டார்கள். நான் பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்தவன். அங்கே வருஷா வருஷம் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுக் காட்டி மதிப்பெண் வாங்க வேண்டும். நேற்று சுட்டவன் இன்றும் சுடுவான் என்று எந்த சுபேதாரும் நம்பியதில்லை. அதோடு நான் அங்கே பிடித்தது இன்சாஸ் ரைஃபிள், ஒரு தோட்டாவுக்கு ஒரு குண்டு. இங்கே பிடித்திருப்பது 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி. அதில் போடும் எல்.ஜி. என்கிற வகைத் தோட்டா ஒன்றைச் சுட்டால் பல குண்டுகள் சேர்ந்து கிளம்பி, போகப் போக விரியும். முதியோர் பென்ஷன் வாங்க இருபது பேர் நிற்கிற ஹாலில் அது எவ்வளவு தூரத்தில் எவ்வளவு விரியும்? ஆறு வருஷம் அதைத் தோளில் சுமந்தவனுக்கு அனுபவத்தில் தெரியாது. சுட்டுப் பார்த்தால்தானே தெரியும்?

சொந்தக் கொல்லையில் சுட்டுப் பார்க்கலாமே என்பார் சிலர். சுட்ட சத்தம் ஊருக்குள் கேட்டால் போலீஸ் வரும். பக்கத்தில் மயில் கத்தினால் வனத்துறையும் வரும். உரிமத்தை ரத்து செய்துவிட்டால் எனக்குச் சோறு போச்சு, ஏனென்றால் துப்பாக்கி என்னுடையது, அது இருப்பதால்தான் இந்த வேலை.

சட்டத்தில் வழி இல்லையா என்றால், இருக்கிறது. தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம் 2005இல் வந்தது. மறுவருஷம் மத்திய அரசு போட்ட முன்மாதிரி விதிகளில் காவலாளிக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் உண்டு. முன்னாள் படைவீரர்களுக்கு 40, 16 என்று குறைத்திருக்கிறார்கள். பாடப் பட்டியலில் சீருடை அணிவது உண்டு, தீயணைப்பு உண்டு, தற்காப்பு உரிமை பற்றிய அடிப்படை அறிவும் உண்டு. துப்பாக்கியைக் கையாள்வது மட்டும் விருப்பப் பாடம்! பள்ளிக்கூடத்தில் தையலா ஓவியமா என்று கேட்பார்களே, அந்த மாதிரி. எனக்கு எந்தப் பாடமும் நடக்கவில்லை. அரை மணி நேரம் உட்கார வைத்து, டீ கொடுத்து, நாலு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ‘பயிற்சி முடித்தவர்’ ஆகிவிட்டேன்.

அந்தத் தற்காப்பு உரிமையையாவது யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். நடந்ததற்கு அப்புறம் நானே வக்கீல் ஒருவரிடம் போய்க் கேட்டேன். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், அதாவது பழைய இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த சட்டத்தில், 34 முதல் 44 வரை உள்ள பிரிவுகள் இதைப் பற்றித்தான். உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பது 38. கொள்ளை மாதிரி நேரத்தில் சொத்தைக் காக்க எவ்வளவு தூரம் என்பது 41. ஆனால் 37 குறுக்கே நிற்கிறது: தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, போலீஸை அழைக்க அவகாசம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது. வக்கீல் இதை ஒரு மணி நேரம் விளக்கினார். வங்கி வாசலில் எனக்குக் கிடைப்பது இரண்டு நொடி. அன்று நான் சுட்டிருந்தால், மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டிய ஒரு மனிதனைக் கொன்றிருப்பேன். சட்டம் என் பக்கம் நின்றிருக்குமா என்பது எனக்கு இன்றும் புரியவில்லை. எப்போது சுட வேண்டும் என்பதைவிட எப்போது சுடக் கூடாது என்பதைத்தான் முதலில் சொல்லித் தர வேண்டும். அந்த அக்காவைப் போலப் பேசுவதையும் சொல்லித் தரலாம். அவளையே கூப்பிட்டு வகுப்பு எடுக்கச் சொன்னாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

2021 ஜனவரியில் ஓசூரில் நகைக்கடன் நிறுவனம் ஒன்றில் துப்பாக்கி முனையில் சுமார் 25 கிலோ தங்கத்தை அள்ளிக்கொண்டு போனது ஒரு கும்பல். மறுநாளே ஹைதராபாத் பக்கம் பிடித்துவிட்டார்கள், போலீஸுக்கு அதில் நிஜமாகவே பெருமை உண்டு. ஆனால் இது இரண்டு மாநில எல்லை, வாசலிலேயே பெங்களூர் ஹைவே. வருகிறவன் பழகிக்கொண்டு வருகிறான். அதற்கப்புறம் எங்கள் கிளைக்கு என்ன வந்தது? ‘காவலாளிகள் விழிப்புடன் இருக்க வேண்டும்’ என்று ஒரு சுற்றறிக்கை, லேமினேட் செய்து ஒட்டினார்கள்.

என் மகள் கல்லூரியில் என்.சி.சி. போன வருஷ முகாமில் .22 ரைஃபிளில் ஐந்து ரவுண்டு சுட்டுவிட்டு வந்தாள். “நீ கடைசியா எப்பப்பா சுட்ட?” என்றாள். பேச்சை மாற்றிவிட்டேன். மொபெட் ஓட்ட உரிமம் கேட்டால் எட்டு போட்டுக் காட்டச் சொல்கிற நாடு இது. துப்பாக்கி உரிமத்தை நான் புதுப்பிக்கப் போனபோது வழக்கு இருக்கிறதா என்று பார்த்தார்கள், துப்பாக்கி எண்ணை ஒத்துப் பார்த்தார்கள். குழலுக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தோட்டா இறங்குகிறதா என்று கேட்கவில்லை. பொம்மைக்கு எதற்குப் பரீட்சை என்று நினைத்திருப்பார்கள். வங்கியும் அப்படித்தான் நினைக்கிறது. சோளக்கொல்லையில் நிறுத்துகிற பொம்மைக்குச் சம்பளம் கிடையாது, எனக்குக் கொஞ்சம் உண்டு, வித்தியாசம் அவ்வளவே.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் மன்னிக்கவும்.

மறுபடியும் பணிவோடு கேட்கிறேன்: வருஷத்தில் ஒரு நாள், பத்துத் தோட்டா, சட்டம் தெரிந்த ஒருவர் ஒரு மணி நேரம். தோட்டாச் செலவை வங்கியும் ஏஜென்சியும் பாதிப் பாதி ஏற்கட்டும். அவர்கள் மாட்டோம் என்றால் என் பங்கை நானே தருகிறேன். உரிமம் புதுப்பிக்கும்போது அந்தப் பயிற்சிச் சான்றையும் சேர்த்துக் கேட்டீர்கள் என்றால் ஏஜென்சிகள் தானாக வழிக்கு வரும். இதெல்லாம் முடியாது என்றால் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு ஒரு தடியைக் கொடுங்கள். தடியை எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. அந்த உப்பிய தோட்டா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, ஒரு மெக்கானிக் குறடு போட்டு இழுத்துக் கொடுத்தார். அதைக் குப்பையில் போடக் கூடாது என்று தெரியும். எங்கே, யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதை மட்டும் தயவுசெய்து ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர், வங்கிக் காவலாளி (தற்போது நிறுத்திவைப்பு),
கிருஷ்ணகிரி