படுகளத்தை எடுத்துவிட்டுத் தத்துவப் பலகையா?

திரௌபதி அம்மன் திருவிழாக் குழுப் பெரியவர்களுக்கு, வியாசர்பாடியில் பாரதம் கேட்டு வளர்ந்த ஒருத்தியின் வணக்கம். கோயிலின் பெயரை நான் எழுதவில்லை. உரியவர்களுக்குப் புரியும்.

ஜீவா ரயில் நிலையத்திலிருந்து வரும் வழியில் நீங்கள் கட்டியிருக்கும் ஃபிளெக்ஸ் பலகையை நின்று படித்தேன். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் பொருள். பாண்டவர் ஐவர்: ஐம்புலன்கள். கௌரவர் நூற்றுவர்: தீய குணங்கள். திருதராட்டிரன்: குருட்டு மனம். துரியோதனன்: ஆணவம். திரௌபதி: குண்டலினி. கண்ணன்: ஆன்மா. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு: நேரம் கருதி இவ்வாண்டு படுகளமும் (துரியோதனன் வீழும் காட்சி) காந்தாரி புலம்பலும் இல்லை, அந்தக் காலை வேளையில் 'பாரதப் பாத்திரங்களின் தத்துவம்' என்ற சொற்பொழிவு நடைபெறும்.

அந்தப் பொடி எழுத்துக்காகத்தான் இந்த மடல்.

தத்துவத்தின் மீது எனக்குப் பகையில்லை. 1888-89இல் லண்டனில் மாணவராக இருந்தபோது முதன்முதலில் கீதையைப் படித்த காந்தியடிகளே, அதில் வரும் போர் மனித உள்ளத்தில் ஓயாமல் நடக்கும் போர் என்றுதான் எடுத்துக்கொண்டார். யோக குரு பரமஹம்ச யோகானந்தர் பாண்டவர் ஐவரையும் முதுகுத்தண்டின் சக்கரங்களில் வைத்தார். அடியில் இருக்கும் மூலாதாரத்தில் சகாதேவன், தொண்டையில் இருக்கும் விசுத்தியில் தருமன். நம் பாரதியோ 1912இல் பாஞ்சாலியை நாடாகவே கண்டார். ஒரே திரௌபதி ஒருவருக்கு உடம்புக்குள் இருக்கும் சக்தி, இன்னொருவருக்கு அடிமைப்பட்ட தாய்நாடு. காவியம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. உங்கள் பலகைதான் கொடுக்கவில்லை.

தத்துவம் என்று இறங்கிவிட்டால் கணக்காவது சரியாக இருக்க வேண்டும். கடோபநிடதத்தில் ஒரு தேர் வருகிறது. உடல் தேர், ஆன்மா அதில் ஏறிச் செல்பவன், புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள். பலகையின்படி கண்ணன் ஆன்மா என்றால், சாரதியின் இடத்தில் அவன் என்ன செய்கிறான்? அர்ச்சுனன் புலன் என்றால், குதிரையைத் தூக்கித் தேருக்குள் உட்கார வைத்துவிட்டீர்கள் என்றாகிறது. கண்ணனைப் பரமாத்மா என்றும் அர்ச்சுனனைச் சீவன் என்றும் சொல்பவர்கள் உண்டு. அது வேறு கணக்கு. இரண்டையும் ஒரே பலகையில் கலந்தால் கேட்க வரும் பிள்ளைகள் எதைப் பிடித்துக்கொள்வார்கள்?

நூற்றுவரும் தீய குணங்கள் என்றால் விகர்ணன் எந்தத் தீய குணம்? சூதாடிய சபையில் திரௌபதிக்கு நடப்பது அநீதி என்று எழுந்து பேசிய கௌரவன் அவன் ஒருவன்தானே. துரியோதனன் ஆணவம் என்கிறீர்கள். சரி. குந்தி தாய் என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றபோது, தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் கர்ணனை என்ன சொல்ல வைக்கிறார்? துரியோதனன் மனைவியின் மேகலை மணிகள் சிதறிக் கிடக்கின்றன, தனியிடத்தில் அவளோடு இருப்பவன் கர்ணன். உள்ளே வந்த கணவன் வாளை எடுக்கவில்லை. சிதறிய மணிகளை "எடுக்கவோ? கோக்கவோ?" என்று கேட்கிறான். அவனுக்காகப் போர்முனைக்குச் சென்று செஞ்சோற்றுக் கடன் கழிப்பதே இனித் தனக்குப் புகழும் தருமமும் என்கிறான் கர்ணன். அந்தக் கேள்வியைக் கேட்டவனை ஆணவம் என்ற ஒரு சொல்லுக்குள் எப்படி அடைப்பது?

பலகையில் இன்னொருவரும் இல்லை. வியாசர் வழிபட்ட தலம் என்று சொல்லி அவர் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர் இது. அவரைப் பெற்ற சத்தியவதி யமுனையில் ஓடம் ஓட்டிய மீனவப் பெண். மீனவர் வாழும் காசிமேட்டுக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு அவளுக்கு ஒரு வரி கூடவா இல்லை? (அம்மனுக்குக் காவலாக நிற்கும் முஸ்லிம் வீரர் முத்தால ராவுத்தரையும் காணோம். அவருக்கு என்ன தத்துவம் எழுதுவது என்று சொற்பொழிவாளர் திகைத்திருப்பார்.)

பாரதம் தன் குறியீட்டைத் தானே சொல்கிறது என்பதுதான் வேடிக்கை. ஆதிபருவத் தொடக்கத்தில் இரண்டு மரங்கள் வருகின்றன. துரியோதனன் சினத்தால் ஆன பெருமரம். அடிமரம் கர்ணன், கிளைகள் சகுனி, பூவும் கனியும் துச்சாதனன். வேர்? அறிவில்லாத அரசன் திருதராட்டிரன். எதிரே தருமன் அறத்தால் ஆன மரம். அர்ச்சுனன் அடிமரம், பீமன் கிளை, மாத்திரியின் பிள்ளைகளான நகுலனும் சகாதேவனும் பூவும் கனியும். அதன் வேராகக் கண்ணனும் பிரமமும் அந்தணரும் சொல்லப்படுகிறார்கள். இதில் யாரும் தனியாக ஒரு குணமாக நிற்கவில்லை. ஒருவரைத் தாங்கி ஒருவர் நிற்கிறார்கள். தீமையைப் பற்றிப் பேசும்போது கை கிளையில் நிற்காமல் வேர் வரை போகிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் ஒரு தகப்பன், ஒரு பெரியவர்.

பலகை அந்தப் பெரியவரைத் தப்ப விட்டுவிடுகிறது. குருடு என் மனம்தான் என்றால் பாரம் முழுவதும் என் தலையில். அந்தச் சபையில் பீஷ்மர் இருந்தார், துரோணர் இருந்தார். தன்னைத் தோற்றுவிட்ட பிறகு என்னைப் பணயம் வைக்கத் தருமருக்கு உரிமை உண்டா என்று திரௌபதி கேட்டபோது, தருமம் நுட்பமானது என்று பீஷ்மர் நழுவினார். அவளைக் குண்டலினி ஆக்கிவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்பது யார்? பதில் சொல்லாமல் இருந்தவர் யார்?

இனிப் படுகளம். விடிய விடியக் கூத்து முடிந்து, கண் எரிய நாங்கள் வந்து நிற்போம். மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், மீசை முறுக்கி, கண் விழித்து. பீமன் தொடையில் அடித்ததும் உள்ளே புதைத்த கலயம் உடைந்து செந்நீர் கசியும். அதை எடுத்துப் பூசித்தான் திரௌபதி கூந்தலை முடிவாள். கூட்டம் குலவையிடும். அதோடு முடியாது. காந்தாரி வருவாள், மகனின் மண் மார்பில் விழுந்து ஒப்பாரி வைப்பாள். சற்று முன்னர் குலவையிட்ட அதே பெண்கள் அவளோடு சேர்ந்து அழுவார்கள். கடலுக்குப் போன பிள்ளையைப் பறிகொடுத்தவளும், குடியால் பிள்ளையை இழந்தவளும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். கெட்ட குணம் செத்ததற்கு யாராவது ஒப்பாரி வைப்பார்களா? செத்தவன் ஒரு தாயின் பிள்ளை என்பதால்தான் வைக்கிறோம். எந்த விளக்கமும் இல்லாமல் ஆன்மிகம் எங்களுக்குள் இறங்கும் இடம் அதுதான். அதைத்தான் நேரம் கருதி நீக்கியிருக்கிறீர்கள்.

சொற்பொழிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாலையில் வையுங்கள். நாளுக்கு ஒரு பாத்திரம் என்று எடுத்துக்கொண்டு, குறியீடு எங்கே பொருந்துகிறது, எங்கே இடிக்கிறது என்று இரண்டையும் பேசச் சொல்லுங்கள். விகர்ணனுக்கும் ஒரு மாலை கொடுங்கள்.

படுகளத்துக்கு மண் அடிக்க வேண்டும், உருவம் செய்பவரிடம் முன்பே சொல்ல வேண்டும், கூத்துக் குழுவுக்கும் தகவல் போக வேண்டும். இப்போது முடிவெடுத்தால் நேரம் இருக்கிறது. இடம் துப்புரவு செய்யவும் மண் சுமக்கவும் எங்கள் தெருப் பெண்கள் வருவோம். சொற்பொழிவாளரையும் அன்று காலை அழைத்து வாருங்கள். காந்தாரி புலம்பும்போது அவருக்கு முன்வரிசையில் இடம் போட்டு வைக்கிறோம்.

இப்படிக்கு,
வியாசர்பாடியில் வாழும் ஒருத்தி