பங்களா வாளை பிராசோ போட்டு தேய்க்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

எங்க தாத்தா ஹட்டன் பக்கம் ஒரு தேயிலை தோட்டத்து பங்களாவில அப்புவா, அதாவது தொரை வீட்டு வேலைக்காரரா, இருந்தவர், தொரை சீமைக்கு போறப்ப தாத்தாவுக்கு குடுத்துட்டு போன ஆபீசர் வாள் ஒண்ணு இன்னமும் எங்க வீட்டுல இருக்கு. தொரை சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர்ப்ஸ்ங்கிற தோட்டத்து தொரைமார் தொண்டர் படையில இருந்தவராம், 1900ல தொடங்கி 1949ல கலைச்ச படை அது, தென்னாப்பிரிக்காவுல நடந்த போயர் யுத்தத்துக்கும் பொறகு முதலாம் உலக யுத்தத்துல துருக்கி பக்கம் கல்லிப்போலிக்கும் நம்ம மலைநாட்டு தொரைமார் அதுல இருந்துதான் போனாங்க.

அலகுல கொடி கொடியா வேலைப்பாடு, நடுவுல, தொரையோட படையில இருந்த ஆபீசர்மார் அவரு கல்யாணத்துக்கு குடுத்ததுன்னு எழுத்து, கைப்பிடியில திருக்கை மீன் தோலு, அது மேல வெள்ளி கம்பி சுத்தியிருக்கு. போன தீபாவளிக்கு சொந்தக்காரர் ஒருத்தர் நல்லெண்ணத்துல பிராசோங்கிற பித்தளை பாலிஷும் உப்புத்தாளும் போட்டு தேய்ச்சதுல பாதி எழுத்து போயிடுச்சு, மனசே ஆறல. அந்த எழுத்து ஆசிட்ல லேசா அரிச்சு போட்டது, ஆழமே கிடையாது.

இப்புடி வாள் வெச்சிருக்கவங்க தயவுசெஞ்சு மெல்லிசா எண்ணெய் மட்டும் தடவுங்க, நம்ம மலை ஈரத்துல தோலு உறைக்குள்ளயே விட்டா துரு ஏறிடும். இங்கிலாந்து வில்கின்சன் கம்பெனி செஞ்ச வாள்னா கைப்பிடிக்கு கிட்ட அலகோட முதுகுல நம்பர் இருக்கும், அத வெச்சு செஞ்ச வருஷத்தை கண்டுபிடிக்கலாம், பழைய சாமான் வாங்க வர்றவங்க இதெல்லாம் நம்மகிட்ட சொல்ல மாட்டாங்க.

தொரைமார் குடுத்த சாமான், போட்டோ வெச்சிருக்க குடும்பங்களோட கதைய உங்க பத்திரிகையில வாரா வாரம் போடுங்கய்யா, அப்புமார் கதையும் சேர்த்து.

இப்படிக்கு,
பண்டாரவளை வாசகர்