அப்பாவின் சிகிச்சைக்குத் துணைநின்ற சங்கங்களுக்கு எங்கள் நன்றி

கொழும்பு முகத்துவாரத்திலுள்ள எமது தோட்டக் குடியிருப்பின் மாதர் சங்கத்தினருக்கும் மரண உதவிச் சங்கத்தினருக்கும், மார்பு நோய் சிகிச்சை நிலையப் பணியாளர்களுக்கும் எமது குடும்பத்தின் சார்பில் இம்மடலை எழுதுகின்றேன்.

புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலை செய்யும் அப்பாவுக்குக் காசநோய் உறுதியானபோது, மருந்து கிடைக்குமா என்ற கவலை எங்களுக்கு இருக்கவில்லை. அரச சிகிச்சை நிலையங்களில் அது இலவசமாகவே வழங்கப்படுகின்றது. ஆனால், முதல் 2 மாதங்கள் நான்கு வகை மருந்துகளையும் அடுத்த 4 மாதங்கள் இரண்டு வகைகளையும் ஒரு நாளும் தவறாமல் விழுங்குவதும், அதை ஒருவர் நேரில் பார்த்து உறுதிசெய்வதும் நாட்கூலியை நம்பி வாழும் ஒருவருக்கு இலகுவானதல்ல.

அந்தப் பொறுப்பை மாதர் சங்கத் தொண்டரான அயல்வீட்டு அக்கா ஒருவர் ஏற்றுக்கொண்டார். அப்பா மீண்டும் வேலைக்குப் போகத் தொடங்கிய பின், விடியுமுன்பே எங்கள் வாசலுக்கு வந்து, அவர் மாத்திரைகளை விழுங்கியதை அட்டையில் குறித்த பிறகே திரும்பினார். அம்மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும் என்று அவர் முதல் நாளே சொல்லியிராவிட்டால், இரத்தம் போகிறதென்று பயந்து அப்பா மருந்தை அப்போதே நிறுத்தியிருப்பார். இருமல் தணிந்து உடம்பு தேறியதும் "இனி எதற்கு?" என்று அவர் தயங்கியபோது, இடையில் விட்டால் எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும் என்று பொறுமையாக விளக்கியவரும் அவரே. எங்கள் மொழியில், எங்கள் வீட்டு நிலைமை அறிந்த ஒருவர் சொன்னதால்தான் அப்பா கேட்டார் என்று நான் உறுதியாக நம்புகின்றேன்.

அப்பா வீட்டிலிருந்த வாரங்களில், இழவுச் செலவுக்கென்று சேர்த்த நிதியிலிருந்து எங்களுக்கு உலர் உணவு வழங்க மரண உதவிச் சங்கம் கூட்டம் கூட்டி முடிவெடுத்தது. அவருடைய கோப்பையைத் தனியாக வைக்கச் சொன்ன அயலவர்களிடம், இந்நோய் காற்றினூடாகப் பரவுவதேயன்றிப் பாத்திரங்களால் பரவுவதல்ல என்று விளக்கியதும், வீட்டிலிருந்த அனைவரையும் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றதும் இச்சங்கங்களைச் சேர்ந்தவர்களே.

சுகாதாரப் பராமரிப்பைத் திட்டமிடுவதிலும் நடைமுறைப்படுத்துவதிலும் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் என்று ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு பற்றிய சர்வதேச மாநாட்டில் வெளியான 1978ஆம் ஆண்டின் அல்மா-ஆட்டா பிரகடனம் கூறுகின்றது. கடமையை எமது சங்கங்கள் நிறைவேற்றுகின்றன. அவற்றைப் பிரதேச சுகாதாரக் கூட்டங்களுக்கு அழைத்து, அவற்றின் அனுபவத்தைக் கேட்டறியுமாறு அதிகாரிகளைப் பணிவுடன் வேண்டுகின்றேன்.

அப்பா பூரண குணமடைந்துவிட்டார். அடுத்த நோயாளருக்குத் துணையாக இருக்க என் தங்கை மாதர் சங்கத்தில் பெயர் கொடுத்திருக்கின்றாள்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
மூத்த மகள், குடும்பத்தினர் சார்பில்
கொழும்பு 15