தராசில் ஏறும் முன்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளிவந்த கட்டுரை, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை ‘மூலக்கூறுகளை எடைபோடும் தராசு’ என்று அறிமுகப்படுத்தியிருந்தது. உவமை அழகானதே. ஆயினும் மூலக்கூறை உடையாமல் வாயுநிலைக்குக் கொண்டுவந்து, அதற்கு மின்சுமையும் ஏற்றினால்தான் அந்தத் தராசு வேலை செய்யும் என்பதைக் கட்டுரை ஒரு வரியில்கூடக் குறிப்பிடவில்லை.

பழைய முறையில் மாதிரியை ஆவியாக்கி, 70 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலெக்ட்ரான்களால் தாக்குவார்கள். அந்த ஆற்றலில் ஒரு சிறு பகுதி சேர்ந்தாலே கரிமப் பிணைப்புகள் முறிந்துவிடும். சிறிய மூலக்கூறுகளுக்கு இது குறையன்று, உடைந்த துண்டுகளின் வரிசையே கைரேகைபோல அவற்றை அடையாளம் காட்டும். புரதமோ ஆவியாகும் முன்பே சூட்டில் சிதைந்துவிடுகிறது.

அமெரிக்க வேதியியலாளர் ஜான் ஃபென் வளர்த்தெடுத்த மின்தெளிப்பு முறையில், கரைசல் உயர் மின்னழுத்தத்தில் நுண்குழாய் வழியாக மின்சுமையுள்ள துளிகளாகத் தெளிக்கப்படுகிறது. கரைப்பான் ஆவியாக ஆவியாகத் துளி சுருங்கி, ஒத்த மின்சுமைகளின் விலக்குவிசையால் பிளந்து பிளந்து, கடைசியில் பல மின்சுமைகளைத் தாங்கிய புரதம் முழுமையாக வெளிவருகிறது. சுமார் 17,000 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) நிறையுள்ள மயோகுளோபின் என்ற புரதம் 17 மின்சுமைகளை ஏற்றால், கருவியில் அது ஏறக்குறைய 1,000 என்ற இடத்தில்தான் தோன்றும். ஏனெனில் கருவி அளப்பது நிறைக்கும் மின்சுமைக்கும் உள்ள விகிதத்தை. தராசு என்ற உவமை வாசகரைத் தவறாக வழிநடத்துவது இங்கேதான்.

இன்னொரு திருத்தமும் அவசியமாகிறது. இன்று மருத்துவ ஆய்வகங்களில் பாக்டீரியாக்களை இனங்காணப் பயன்படும் ‘மால்டி’ (MALDI) என்ற லேசர் அயனியாக்க முறையைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் கோயிச்சி தனாகா என்று கட்டுரை கூறுகிறது. கிளிசராலில் கலந்த நுண்ணிய கோபால்ட் தூளின் மீது லேசரைப் பாய்ச்சிப் பெரிய புரதங்களை உடையாமல் அயனியாக்கியவர், அதாவது மின்சுமை ஏற்றியவர் அவர். அதற்காக 2002-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் ஃபென்னுடன் பங்கு பெற்றார், அந்தப் பெருமை முற்றிலும் அவருக்குரியது. ஆனால் லேசர் ஒளியை உறிஞ்சும் சிறிய கரிம அமிலப் படிகங்களுக்குள் மாதிரியைப் பொதித்து வைக்கும் இன்றைய முறையை உருவாக்கி, 1985-இல் அதற்குப் பெயரும் சூட்டியவர்கள் ஜெர்மனியின் மைக்கேல் காராஸ், ஃபிரான்ஸ் ஹில்லன்காம்ப் ஆகியோரின் குழுவினர். பரிசில் இடம்பெறாத அவ்விருவரின் பெயர்களும் நம் மாணவர் படிக்கும் பக்கத்திலிருந்தும் விடுபடுவது எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது. அடுத்த இதழிலேயே இத்திருத்தத்தை வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்